தெருவில் தூங்கும் காருக்கு எந்தப் பூட்டு?

ஸ்ரீரங்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு இந்தக் கவலை தெரியும். உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் தெருவில் இருக்கும் பழைய வீடுகள் கார் வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்கில் கட்டப்பட்டவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று வீடு நீளமாக உள்ளே போகும். காரை உள்ளே விட மட்டும் வழி இருக்காது. ராத்திரி கார் வாசலில்தான் தூங்கும். வாசலில் இடம் கிடைக்காவிட்டால் நாலு வீடு தள்ளி.

திருவிழா வந்தால் இன்னும் சிரமம். சித்திரைத் தேர் ஓடும்போது சித்திரை வீதிக்காரர்களும், தைத் தேர் ஓடும்போது உத்தர வீதிக்காரர்களும் காரை வேறு இடத்துக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும். வைகுண்ட ஏகாதசி நேரத்தைச் சொல்லவே வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தில்லைநகர், உறையூர், புத்தூரிலும் இதே கதைதான். அபார்ட்மென்ட்டில் வீட்டுக்கு ஒரு பார்க்கிங். வீட்டில் இரண்டு வண்டி.

இப்படி வெளியில் நிற்கும் கார்களில் பல, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டு கார்கள். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கும், ஜங்ஷனுக்கும், ஏர்போர்ட்டுக்கும் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டு எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் கார் உறை போட்டு நிற்கும். அது காணாமல் போனால், அடுத்த செக்-அப்புக்கு எப்படிப் போவது என்பதில் தொடங்கி எல்லாமே சிக்கல்.

'திருடு போகாமல் இருக்க என்ன மாட்டலாம்?' என்று ஆக்சஸரீஸ் கடையில் கேட்டால், கடையில் இருப்பதை எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வாங்கப் போகும் முன் நம் காருக்கு எது குறை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த வாரக் கட்டுரை.

நான்கு வேலை, நான்கு பொருள்

கார் பாதுகாப்புக்கு விற்கப்படும் பொருள்கள் எல்லாவற்றையும் நான்கு கூடையில் போட்டுவிடலாம்.

ஒன்று, திருடனின் நேரத்தை வீணாக்குவது: ஸ்டீயரிங் லாக், கியர் லாக், பெடல் லாக், வீல் கிளாம்ப்.

இரண்டு, இன்ஜினைக் கிளம்பவிடாமல் செய்வது: இம்மொபிலைசர், ரகசிய ஸ்விட்ச்.

மூன்று, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுவது: அலாரம்.

நான்கு, போன பிறகு எங்கே இருக்கிறது என்று சொல்வது: ஜிபிஎஸ் டிராக்கர்.

ஒரு கூடைப் பொருள் இன்னொரு கூடையின் வேலையைச் செய்யாது. விலை உயர்ந்த ஜிபிஎஸ் வாங்கி மாட்டினாலும் கண்ணாடியை உடைப்பதை அது தடுக்கப் போவதில்லை. இரும்புப் பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும், கார் போன பிறகு இடத்தைச் சொல்லாது. 'எது நல்ல பிராண்டு?' என்பதைவிட 'என் காரில் ஏற்கெனவே எந்தக் கூடை நிரம்பியிருக்கிறது, எது காலி?' என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அமெரிக்கா சொல்லித் தந்த பாடம்

இரண்டாவது கூடை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. நம் ஊரில் ஹூண்டாய், கியா கார்கள் இல்லாத தெரு இல்லை. இதே நிறுவனங்கள் அமெரிக்காவில் விற்ற, சாவி போட்டுத் திருகும் பல மாடல்களில் இம்மொபிலைசர் இல்லாமல் இருந்தது. அந்த விஷயத்தை சமூக வலைதள வீடியோக்கள் ஊரெல்லாம் பரப்பின. 2021, 2022-ல் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள்கூட விளையாட்டுபோல் கார்களைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். விபத்துகள் நடந்தன, உயிர்கள் போயின. 2023 பிப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச சாஃப்ட்வேர் திருத்தம் அறிவிக்க வேண்டி வந்தது.

அதே சமயம் எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் இந்தத் தொல்லை பரவவில்லை. 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம். பிரிட்டனில் 1998-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். ஒரே நிறுவனத்தின் கார், நடுவில் ஒரு எல்லைக்கோடு; சாவிக்குள் இருக்கும் சின்ன சிப் ஒன்றுதான் வித்தியாசம்.

இன்னொரு செய்தியும் உண்டு. சாஃப்ட்வேர் தயாராகும் வரை அந்த நிறுவனங்கள் போலீஸ் மூலமாக ஆயிரக்கணக்கான கார்க்காரர்களுக்கு எதை இலவசமாகக் கொடுத்தன தெரியுமா? சாதாரண இரும்பு ஸ்டீயரிங் லாக்கை.

உங்கள் காரில் இம்மொபிலைசர் இருக்கிறதா?

சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். அதன் ரகசிய எண்ணை காரின் கம்ப்யூட்டர் படித்து, சரியாக இருந்தால்தான் இன்ஜினைக் கிளம்ப விடும். இதுதான் இம்மொபிலைசர். இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் கம்பெனியிலேயே வந்துவிடுகிறது. பழைய கார்களிலும், விலை குறைந்த வேரியன்ட்களிலும் இல்லாமல் இருக்கலாம்.

கண்டுபிடிப்பது எளிது. சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் சாவி படமோ, கார் மேல் சாவி போட்ட படமோ சில விநாடி எரிந்து அணைந்தால் இருக்கிறது என்று அர்த்தம். காரோடு வந்த கையேட்டிலும் இருக்கும். சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பர் சொல்லிக் கேட்டாலும் சொல்வார்கள். இன்னொரு அடையாளம்: சாவிக்காரரிடம் வெறும் இரும்புச் சாவியாக வெட்டி வாங்கிய டூப்ளிகேட், கதவைத் திறக்கும்; ஆனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாது. ஸ்டார்ட் ஆகிறது என்றால் உங்கள் காரில் சிப் பாதுகாப்பு இல்லை.

இல்லாத பழைய காருக்கு என்ன வழி? நம்பிக்கையான ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் ஃப்யூயல் பம்ப் லைனில் ரகசிய ஸ்விட்ச் ஒன்று போட்டுக்கொள்ளலாம். செலவு குறைவு. ஆனால் ஒயர் இணைப்பு சரியில்லாவிட்டால் காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிடும். ஒயரை முறுக்கி டேப் சுற்றும் ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வாரன்ட்டி இருக்கும் காரில் ஒயரை வெட்டவே கூடாது. பின்னால் ஏதாவது கோளாறு வந்தால் அதையே காரணம் காட்டி வாரன்ட்டியை மறுக்க முடியும்.

வாரக்கணக்கில் எடுக்காமல் நிற்கும் பழைய காருக்கு பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் இன்னொரு நல்ல யோசனை. பேட்டரி இறங்குவதும் மிச்சம். புதிய காராக இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரும்புப் பூட்டில் எதைப் பார்ப்பது?

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு நமக்குப் பக்கத்து ஊர்ச் சொத்து. வீட்டுக்குப் பூட்டு வாங்கும்போது பெரியவர்கள் 'எத்தனை லீவர்?' என்று கேட்பார்கள். கார் பூட்டுக்கும் அதே கண்ணோடு பாருங்கள். பூட்டின் பலம் தடியில் மட்டும் இல்லை, சாவித் துவாரத்திலும் இருக்கிறது. சூட்கேஸ் சாவி மாதிரி மெல்லிய சாவி என்றால் வேண்டாம். குழிகள் போட்ட கம்ப்யூட்டர் சாவியாக இருக்கட்டும்.

ஸ்டீயரிங் லாக்கின் பெரிய பலம், வெளியிலிருந்தே கண்ணில் படுவது. வரிசையாகப் பத்து கார் நிற்கும் தெருவில், ஒன்றில் மட்டும் மஞ்சளோ சிவப்போ அடித்த தடி தெரிந்தால், அதில் கைவைக்க யோசிப்பான். பலவீனம் என்னவென்றால், ஸ்டீயரிங் வளையம் உள்ளே மெல்லிய கம்பிதான். அதை அறுத்தால் பூட்டு கழன்றுவிடும். நேரம் இருப்பவனை அது தடுக்காது, அவசரக்காரனைத் தடுக்கும்.

கியர் லாக் காரின் தரையோடு போல்ட் போட்டுப் பொருத்தப்படுவது. ரிவர்ஸ் கியரில் போட்டுப் பூட்டினால் காரை முன்னால் ஓட்ட முடியாது. ஸ்டீயரிங் லாக்கைவிட உடைப்பது சிரமம். ஆனால் உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காருக்கு அதற்கான வகை தனி.

பெடல் லாக் பலமானதுதான். ஆனால் தினமும் குனிந்து, காலடியில் கைவிட்டு மாட்ட வேண்டும். எழுபது வயது அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தால், ஒரு வாரம் மாட்டுவார். பிறகு அது டிக்கியில் கிடக்கும். பூட்டை வாங்கும் முன் அதைத் தினமும் போடப் போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் கையால் பூட்டித் திறந்து பார்க்கட்டும். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் இரும்பு கையைச் சுடும். பிடிக்கும் இடத்தில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதையெல்லாம் வாங்கும் முன், காசில்லாத பூட்டு ஒன்று எல்லாக் காரிலும் இருப்பதை மறக்க வேண்டாம். சாவியை எடுத்த பிறகு ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்புங்கள். 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். சக்கரத்தைத் திருப்பிய நிலையில் நிறுத்தினால், தள்ளிக்கொண்டு போவதும் கட்டி இழுப்பதும் கடினம்.

அலாரம்: கேட்க ஆள் உண்டா?

ஸ்ரீரங்கம் தெருக்களில் ஒரு வசதி உண்டு. வீட்டுக்கு வீடு ஒட்டி இருக்கும். சத்தம் கேட்டால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அலாரத்துக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் பூனை ஏறினாலும், பட்டாசு வெடித்தாலும், புறப்பாட்டு மேளம் கேட்டாலும் கத்துகிற அலாரத்தைப் பத்து நாளில் தெருவே காதில் வாங்காது. பிறகு நிஜமாகவே கத்தும்போதும் யாரும் வரமாட்டார்கள். சென்சாரின் கூர்மையைக் குறைக்க வசதி உள்ளதையே வாங்குங்கள். காருக்குள் ஒயரை வெட்டாமல், கப்ளரில் செருகும் வகையாகக் கேளுங்கள். கே.கே.நகர் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத புது லே-அவுட்டில் வீடு என்றால் அலாரத்துக்குச் செலவழிப்பதில் பயன் குறைவு.

பட்டன் ஸ்டார்ட் காரா? சாவியைக் கொல்லைப்பக்கம் வையுங்கள்

சாவியைப் பையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்து, பட்டனை அழுத்திக் கிளப்பும் கார்களுக்கு வேறு ஆபத்து. சாவி பக்கத்தில் இருக்கிறதா என்பதை கார் ரேடியோ அலை மூலம் தெரிந்துகொள்கிறது. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையைக் கருவி வைத்து வாங்கி, வாசலில் நிற்கும் கார் வரை நீட்டி, 'சாவி பக்கத்தில்தான் இருக்கிறது' என்று காரை ஏமாற்றும் திருட்டு ஐரோப்பாவில் பெரிய தலைவலி.

நம் வீடுகளில் சாவி எங்கே தொங்குகிறது? வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில். காரும் வாசலில். இடையில் ஒரு சுவர். நீளமான வீடு நமக்கு உதவட்டும். சாவியைச் சமையலறைப் பக்கம் மாற்றுங்கள். அலையைத் தடுக்கும் உறைகள் கடையில் கிடைக்கின்றன. நன்றாக மூடும் எவர்சில்வர் டப்பாவிலும் முயன்று பார்க்கலாம். சாவியை உள்ளே போட்டு, மூடி, காரின் அருகே கொண்டுபோய்க் கதவைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் டப்பா வேலை செய்கிறது. திறந்தால் வேறு டப்பா. டூப்ளிகேட் சாவிக்கும் இதே கவனம் வேண்டும்.

ஜிபிஎஸ்: பூட்டு இல்லை, துப்பு

திருச்சி ஒரு சந்திப்பு ஊர். சென்னை, மதுரை, தஞ்சாவூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று எல்லாத் திசைக்கும் நல்ல சாலை. ஸ்ரீரங்கத்தில் எடுத்த காரைக் கொள்ளிடம் பாலம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏற்ற அதிக நேரம் ஆகாது. காலையில் கோலம் போட வரும்போதுதான் கார் இல்லை என்று தெரிகிறது என்றால், அது அதற்குள் எத்தனையோ டோல்கேட் தாண்டியிருக்கும். டிராக்கரின் பயன் இங்கேதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: கார் பேட்டரியைக் கழற்றினாலும் கொஞ்ச நேரம் இயங்க உள்ளே தனி பேட்டரி, நீங்கள் வரைந்த எல்லையைத் தாண்டினால் போனில் சத்தத்தோடு எச்சரிக்கை, சிம் ரீசார்ஜ் வருஷத்துக்கு எவ்வளவு, யார் கட்டுவது என்ற தெளிவு. ஓபிடி சாக்கெட்டில் செருகும் வகை மாட்ட எளிது. பிடுங்கவும் அவ்வளவே எளிது. மறைவான இடத்தில் பொருத்தும் வகை நல்லது. எச்சரிக்கை போகும் போன், ராத்திரி சைலன்ட்டில் போடாத ஒருவருடையதாக இருக்கட்டும். மகன் அமெரிக்காவில் இருந்தால் இது வசதி. நமக்கு ராத்திரி, அவருக்குப் பகல்.

ஒரு எச்சரிக்கை. சில டிராக்கர்களில் போனிலிருந்தே இன்ஜினை அணைக்கலாம். ஓடும் காரில் இன்ஜினை அணைத்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடும்; பிரேக்கும் கல்லாக மாறும். திருடனோடு தெருவில் போகிறவர்களுக்கும் ஆபத்து. வண்டி நின்ற பிறகே அணைக்கும் வகையாக இருந்தால் மட்டும் அந்த வசதியை வையுங்கள். வரைபடத்தில் காரைப் பார்த்துவிட்டுத் தனியாகத் துரத்திப் போகவும் வேண்டாம். இடத்தைப் போலீஸுக்கு அனுப்புங்கள்.

சாவி யார் யார் கையில்?

எந்தப் பூட்டுக்கும் சாவிதான் பலவீனம். பழைய கார் வாங்கினால் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். 'இன்னொன்று தொலைந்துவிட்டது' என்று சொன்னால், சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரிலிருந்து பழைய சாவியை நீக்கிப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். கியர் லாக் ஏற்கெனவே இருந்தால் அதன் சாவிகளையும் எண்ணி வாங்குங்கள். ஆக்டிங் டிரைவரிடமும் வாட்டர் வாஷுக்கும் கார் சாவியை மட்டும் கொடுங்கள். பூட்டுச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் சேர்ந்த கொத்து வேண்டாம். டூப்ளிகேட் சாவியும் அசல் ஆர்சியும் டேஷ்போர்டில் இருக்கவே கூடாது. டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்சியைக் காட்டினாலே செல்லும்.

எல்லாம் தாண்டியும் போய்விட்டால்

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய் வராது. பழைய கார்தானே என்று பிரீமியத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் இன்றே பாலிசியை எடுத்துப் பாருங்கள். முழு பாலிசி இருந்தால், அதில் போட்டிருக்கும் ஐடிவி தொகைதான் அதிகபட்சம்.

பழைய மோட்டார் டாரிஃப் விதிப்படி, புனேயில் உள்ள ஏஆர்ஏஐ அங்கீகரித்த கருவியைப் பொருத்தி, ஆட்டோமொபைல் அசோசியேஷனில் சான்று வாங்கினால், சொந்த சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம் தள்ளுபடி; உச்சவரம்பு 500 ரூபாய். அந்தப் பிரீமியம் 8,000 ரூபாய் என்றால் கிடைப்பது 200. உங்கள் நிறுவனம் இப்போது எவ்வளவு தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் தள்ளுபடிக்காக மட்டும் கருவி வாங்காதீர்கள்.

கார் காணவில்லை என்றால் முதலில் 100 அல்லது 112. பிறகு ஸ்டேஷனில் எழுத்துப் புகார். கையில் தருவது சி.எஸ்.ஆர் ரசீதா, எஃப்.ஐ.ஆர் நகலா என்று பாருங்கள், இன்ஷூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர் வேண்டும். அன்றே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். புகாரை உடனே கொடுத்துவிட்டு நிறுவனத்துக்குச் சொல்வதில் தாமதமானால், அந்தக் காரணத்துக்காக மட்டும் க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் குர்ஷிந்தர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நமக்கு எதற்குக் கோர்ட் வாசல்? பிறகு இரண்டு சாவியும் கேட்பார்கள். கார் கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்றும் வேண்டும். கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும். அதுவரை இஎம்ஐ நிற்காது.

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டால் க்ளெய்ம் தகராறாகும். டிரைவர் சாவியை லாரியில் விட்டு இறங்கிய நேரத்தில் லாரி களவு போன வழக்கில், 2023-ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் தரச் சொன்னது. கால் பங்கு போனது போனதுதான். அதற்கும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

சரி, எதை வாங்குவது?

இம்மொபிலைசர் இல்லாத பழைய கார், தெருவில் நிற்கிறது: கியர் லாக், ரகசிய ஸ்விட்ச். இரண்டும் சேர்ந்தால் போதும்.

இம்மொபிலைசர் உள்ள சாவி கார்: கண்ணில் படும் ஸ்டீயரிங் லாக். கடன் நிறைய பாக்கி இருந்தால் ஜிபிஎஸ்ஸும்.

பட்டன் ஸ்டார்ட் கார்: சாவிக்கு டப்பா, காருக்கு ஸ்டீயரிங் லாக். பிறகு ஜிபிஎஸ்.

பெரியவர்கள் வீட்டில் எப்போதாவது எடுக்கும் கார்: சுலபமாகப் போடும் கியர் லாக். அலாரமும் ஜிபிஎஸ்ஸும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்; அவை இருந்தால் வாரம் ஒருமுறை காரை எடுத்து ஒரு சுற்று போய் வரச் சொல்லுங்கள். உறை போட்ட காரை யாரும் பார்ப்பதில்லை என்பதால், தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது அதையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

கடைக்குப் போவது நாளைக்கு இருக்கட்டும். இன்று ராத்திரி படுக்கும் முன் மூன்று வேலை: மீட்டரில் அந்தச் சாவிப் படம் வருகிறதா, இரண்டாவது சாவி வீட்டில் எங்கே இருக்கிறது, பாலிசியில் திருட்டுக்கு இடம் உண்டா. இந்த மூன்றையும் பார்த்துவிட்டால், நாளைக்குக் கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.